கழுத்தில் தழும்போடு வேலைக்குத் திரும்புவது: தைராய்டு புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பின் கவனிக்க வேண்டியவை

தையல் பிரிக்கவோ காயத்தைக் காட்டவோ வருகிற நாளில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எப்போ வேலைக்குப் போலாம்?" "ரெண்டு மூணு வாரத்துல போலாம்மா" என்பது வழக்கமான பதில். காயத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அது சரி. சுரப்பியில் பாதியை மட்டும் எடுத்தவர், உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பத்துப் பதினைந்து நாளில் திரும்பிவிடலாம். முழுதாக எடுத்தவருக்கு இரண்டு, மூன்று வாரம். சுமை தூக்கும் வேலை என்றால் நான்கிலிருந்து ஆறு வாரம். ஆனால் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்காருகிறவரும், காட்பாடியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவரும், குடியாத்தத்தில் வீட்டு வாசலில் பீடி சுற்றுகிறவரும் அந்த மூன்றாவது வாரத்தில் தங்களுக்குள் கேட்டுக்கொள்வது வேறு: "போலாம்னு சொல்லிட்டாங்க, என்னால முடியுமா?"

"தைரியமா இரு, ஒண்ணும் ஆகாது" என்று வீட்டில் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் தைரியம் போய்விட்டது என்று நாம் பொதுவாகச் சொல்வதைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே நான்கைந்து தனித்தனிக் காரணங்கள் இருக்கும். கால்சியம் குறைந்து விரல் கூசுவது ஒன்று. மூன்றாவது பீரியடில் குரல் இறங்குவது ஒன்று. மாத்திரை அளவு கூடி நெஞ்சு படபடப்பது இன்னொன்று. கை தோளுக்கு மேல் ஏறாமல் போவது, தழும்பைப் பார்த்து யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்பது என்று இன்னும் சில. இவற்றில் பாதி, ரத்தப் பரிசோதனையில் எண்ணாகவே தெரியக்கூடியவை. எது தன்னைத் தடுக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதற்கு வழி இருக்கிறது. தெரியாத வரை எல்லாம் சேர்ந்து பயமாகவே நிற்கும்.

தைராய்டு புற்றுநோயில் பெரும்பகுதி பாப்பிலரி என்ற வகை. மெல்ல வளர்வது, சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படுவது. அதனால் "கேன்சர்லயே நல்ல கேன்சர்" என்று பலரும் ஆறுதல் சொல்கிறார்கள், டாக்டர்கள் உட்பட. அந்தச் சொல்லை விட்டுவிடுவது நல்லது என்பது எங்கள் கருத்து. அதைக் கேட்டவர், பிறகு களைப்பாக இருக்கிறது, கை நடுங்குகிறது என்று சொல்லவே கூச்சப்படுகிறார். நல்ல நோய்க்கே இப்படிச் சோர்ந்து போகிறோமே என்று தன்னையே நொந்துகொள்கிறார். சரிசெய்யக்கூடிய குறை ஒன்று வெளியே வராமலே இப்படிப் போய்விடுகிறது.

விரல் கூச்சம்

தைராய்டின் பின்பக்கத்தில் ஒட்டினாற்போல் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு துவரம்பருப்பு அளவு. ரத்தத்தில் கால்சியத்தைச் சரியான அளவில் வைத்திருப்பது அவற்றின் வேலை. முழுத் தைராய்டையும் எடுக்கும்போது இவற்றுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து, சில நாளோ சில வாரமோ இவை மந்தமாகிவிடுவது உண்டு. கால்சியம் மிகவும் கீழே இறங்குவது பெரும்பாலும் இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள். பலர் அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகியிருப்பார்கள். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல் இருக்கும், விரல் நுனிகள் கூசும், பாதம் குரக்களி இழுக்கும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சுரப்பிகள் மீண்டுவிடும். ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டியும் மீளாதவர்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு மாத்திரை தொடரும்.

வேலைக்குத் திரும்பிய பிறகு இது குழப்பமாகும் இடம் தையல் மெஷின். ஷூவின் மேல்பாகம் தைக்கிறவருக்கு விரல் நுனிதான் எல்லாம். அது கூசும்போது "கை போயிடுச்சு" என்று தோன்றிவிடும். ஆனால் விரல் கூசுவதற்கு மூன்று காரணம் இருக்கலாம், மூன்றுக்கும் வழி வேறு. இரண்டு கையும் ஒன்றாகக் கூசி, உதட்டைச் சுற்றியும் கூசி, கால்சியம் மாத்திரை தவறிய நாளிலோ தாமதமான நாளிலோ வந்தால், அது கால்சியம். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் மரத்து, இரவில் அதிகமாகி, கையை உதறினால் குறைந்தால், மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. தைராய்டு ஹார்மோன் குறைந்தவர்களுக்கும், மணிக்கட்டை ஓயாமல் வளைத்து வேலை செய்கிறவர்களுக்கும் இது வரும். ஒரு பக்கம் மட்டும் கழுத்திலிருந்து கைக்கு இறங்கி, கழுத்தைத் திருப்பினால் மாறினால், கழுத்துப் பகுதியைப் பார்க்க வேண்டும். டாக்டரிடம் "கை மரத்துப்போகுது" என்று மட்டும் சொல்லாமல் எந்த விரல், எந்த நேரம், உதடு கூசுகிறதா என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

உதடும் விரலும் லேசாகக் கூசினால் என்ன செய்ய வேண்டும், கூடுதலாக எத்தனை மாத்திரை போட வேண்டும் என்பதை டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். விரல்கள் தாமாக மடங்கி இறுகிக்கொண்டாலோ, தொண்டை இறுகி மூச்சு சிரமமானாலோ மாத்திரை போட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கேழ்வரகுக் களி நம் பக்கத்துச் சாப்பாடு. நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் இருக்கிறது. அதைச் சாப்பிடுவது நல்லதுதான். ஆனால் மாத்திரைக்குப் பதிலாக ஆகாது. உடல் அதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒரு பகுதிதான். தவிர, பாராதைராய்டு மந்தமாக இருக்கும்போது கால்சியத்தைக் குடலிலிருந்து உறிஞ்சவே கால்சிட்ரியால் என்ற மருந்தின் துணை வேண்டியிருக்கும்.

ஐந்து மணி மாத்திரை

தைராய்டை முழுதாக எடுத்தவருக்கு, அது சுரந்துவந்த ஹார்மோனுக்கு ஈடாக, வாழ்நாள் முழுக்கத் தைராக்ஸின் மாத்திரை உண்டு. சராசரிக் கணக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு ஏறக்குறைய 100 மைக்ரோகிராம் வரும். புற்றுநோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று கணித்தவர்களுக்கு இதைவிடக் கொஞ்சம் கூட்டி, தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை வேண்டுமென்றே கீழே வைப்பார்கள்; தைராக்ஸின் கூடினால் அது இறங்கும், குறைந்தால் ஏறும். பாதிச் சுரப்பி மிச்சமிருப்பவர்களில் பலருக்கு மாத்திரையே தேவைப்படாது. ஆனால் அது ஆறு வாரம் கழித்து எடுக்கும் பரிசோதனையில்தான் உறுதியாகும்.

மருந்தைவிட நேரம்தான் அதிகம் தப்புகிறது. ஆஸ்பத்திரியில் தரும் கவரில் தைராக்ஸின், கால்சியம், சில சமயம் இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்தே இருக்கும். கம்பெனி பஸ் ஏழு மணிக்கு என்றால் இட்லியோடு மூன்றையும் ஒரே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு ஓடுவதுதான் நடக்கிறது. கால்சியமும் இரும்பும் தைராக்ஸினைக் குடலில் பிடித்துக்கொள்ளும், ரத்தத்துக்கு விடாது. இரண்டு மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டும் டி.எஸ்.எச். ஏறிக்கொண்டே போகும். டாக்டர் அளவைக் கூட்டுவார். பிறகு யாராவது நேரத்தைச் சரிசெய்தால் கூட்டிய அளவு மிகையாகி நெஞ்சு படபடக்கும்.

ஏழு மணி பஸ்ஸுக்கு ஒத்துவரும் கணக்கு இது. ஐந்து மணிக்கு எழுந்ததும், பல் தேய்ப்பதற்கு முன்பே, தைராக்ஸின். வெறும் தண்ணீர் மட்டும். மாத்திரைப் புட்டியைத் தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் மறக்காது. ஆறு மணிக்கு டீ. அரை மணி நேரம் போதும் என்பார்கள், பால் சேர்த்த டீ, காபி என்றால் ஒரு மணி நேரம் நல்லது. ஆறே காலுக்கு இட்லி. மதியம் ஒரு மணிக்குச் சாப்பாட்டோடு முதல் கால்சியம், இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டோடு இரண்டாவது. தைராக்ஸினுக்கும் கால்சியத்துக்கும் நடுவில் நான்கு மணி நேரம் இருக்க வேண்டும், இதில் தாராளமாகவே இருக்கிறது. மூன்று வேளைக் கால்சியம் எழுதியிருந்தால் பத்து மணி டீ இடைவேளையில் பிஸ்கட்டோடு ஒன்று. கால்சியம் கார்பனேட் சாப்பாட்டோடு போனால்தான் நன்றாகக் கரையும். வாயுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் தினமும் மாத்திரை போடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். வயிற்றில் அமிலம் குறைந்தால் இந்த மாத்திரை கரைவதும் குறையும். கால்சியம் சிட்ரேட்டாக மாற்றித் தருவார்கள்.

இரவு ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு விடியற்காலைக் கணக்கு சரிப்படாது. கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்து, தூங்கப் போகும்போது போடலாம். அதுவும் நன்றாகவே வேலை செய்யும். எந்த நேரம் என்பதைவிட தினமும் ஒரே மாதிரி என்பது முக்கியம். பேரணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் ரமலான் மாதத்தில் இந்தக் கேள்வி நிறைய வரும். இஃப்தாருக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் கால்சியத்தைப் பிரித்துக்கொண்டு, தைராக்ஸினைச் சஹருக்கு ஒரு மணி நேரம் முன்பு எழுந்து போடுவது ஒரு வழி. ஆனால் கால்சியம் இன்னும் நிலைப்படாத முதல் மாதங்களில் நோன்பு வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. பகல் முழுக்க மாத்திரை இல்லாமல் கால்சியம் இறங்கும் அபாயம் அப்போது உண்மையிலேயே இருக்கிறது.

வேலூர் வெயிலையும் சொல்ல வேண்டும். தைராக்ஸின் சூட்டிலும் ஈரத்திலும் வீரியம் இழக்கும். பைக் பெட்டியிலோ, வெயில் படும் ஜன்னலோரத்திலோ, அடுப்புக்கு மேல் அலமாரியிலோ வைத்த புட்டியை நம்பக் கூடாது. வீட்டில் இருப்பதிலேயே குளிர்ச்சியான, ஈரமில்லாத இடம் எதுவோ அங்கே வைக்கலாம்.

பயமா, மாத்திரை அளவா

வேலைக்குத் திரும்பும் தைரியத்தைப் பற்றிப் பேசும்போது அதிகம் விட்டுப்போவது இதுதான். தைராக்ஸின் மிகையானால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றாலே இதயம் வேகமாக அடிக்கும். இதை அனுபவிக்கிறவருக்கு அது பயமாகத்தான் தெரியும், வேறு பெயர் தோன்றாது. குறைந்தாலோ நேரெதிர். உடம்பு கனக்கும், குளிரும், மலச்சிக்கல் வரும், கணக்கு எழுதும்போது எண் நினைவில் நிற்காது, எதிலும் பிடிப்பு இருக்காது. சோம்பேறித்தனம் என்று மற்றவர்கள் சொல்வார்கள், அவரும் நம்பிவிடுவார்.

அதனால், வேலைக்குத் திரும்பிய முதல் மாதங்களில் "எனக்குத் தைரியம் போயிடுச்சு" என்று தோன்றினால் முதலில் பார்க்க வேண்டியது டி.எஸ்.எச். அளவு. புற்றுநோய் திரும்பும் வாய்ப்பு குறைவு என்று கணித்தவர்களுக்கு அதைப் பொதுவாக 0.5-க்கும் 2-க்கும் நடுவில் வைப்பார்கள். அதிக வாய்ப்புள்ளவர்களுக்கு 0.1-க்கும் கீழே. இரண்டாவது வகையினருக்குக் கொஞ்சம் படபடப்பு சிகிச்சையின் விலையாகவே வரலாம். அதைத் தெரிந்துகொண்டாலே, வரும்போது "இது மாத்திரை" என்று அடையாளம் காண முடியும். தாங்க முடியாமல் போனால் நெஞ்சுத் துடிப்பை அடக்க மருந்து உண்டு, இலக்கைத் தளர்த்தலாமா என்றும் கேட்கலாம். தானாகவே மாத்திரையைப் பாதியாக உடைப்பது மட்டும் கூடாது.

பொறுமை வேண்டிய இடமும் இதுதான். தைராக்ஸின் உடலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அளவை மாற்றினால் அதன் முழு விளைவு தெரிய ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். பத்தாம் நாளே பரிசோதனை எடுத்து "ஒண்ணும் மாறலயே" என்று கலங்க வேண்டாம். அதே காரணத்தால் ஒரு நாள் தைராக்ஸின் மறந்ததற்கும் பதற வேண்டாம்.

ஆபரேஷனுக்குப் பின் முடி கொட்டுவது பலருக்கு நடக்கும். கடையில் கேட்டால் பயோட்டின் மாத்திரை தருவார்கள். பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் சில பரிசோதனை முறைகளில் டி.எஸ்.எச்.சும், புற்றுநோய் மிச்சத்தைக் கண்காணிக்கும் தைரோகுளோபுலினும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தி, ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லிவிட வேண்டும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் சாப்பிடலாமா என்பது இன்னொரு ஓயாத கேள்வி. முழுச் சுரப்பியும் போன பிறகு அவை கெடுக்க அங்கே சுரப்பியே இல்லை. தாராளமாகச் சாப்பிடலாம்.

குரலை நம்பி வேலை செய்கிறவர்கள்

குரல்நாணை அசைக்கும் நரம்பு தைராய்டை உரசிக்கொண்டே ஓடுகிறது, இரு பக்கமும் ஒவ்வொன்று. ஆபரேஷனில் அதை இழுத்தாலோ, சூடு பட்டாலோ சில வாரம், சில மாதம் குரல் கரகரக்கும், காற்றோடு வரும், தண்ணீர் குடித்தால் புரையேறும். அனுபவமுள்ள கைகளில் நிரந்தரமாகப் போவது நூற்றில் ஒருவருக்கு என்ற அளவில்தான். இன்னொரு மெல்லிய நரம்பும் இருக்கிறது. அது குரலை உயர்த்துவதற்கானது. அதற்கு அடிபட்டால் பேச்சு சாதாரணமாகவே இருக்கும். ஆனால் உரக்கக் கூப்பிட முடியாது, மேல் ஸ்தாயி ஏறாது, பேசிக்கொண்டே இருந்தால் குரல் களைத்துவிடும். வீட்டில் யாருக்கும் தெரியாது. வேலையில்தான் தெரியவரும்.

வகுப்பறையில் இது எப்படி வரும் என்று பாருங்கள். முதல் பீரியட் நன்றாகப் போகும், டீச்சருக்கே நம்பிக்கை வந்துவிடும். இரண்டாவது பீரியடில் நாற்பது பிள்ளைகளின் சத்தத்துக்கு மேல் பேச, தன்னை அறியாமல் கழுத்துத் தசையை இறுக்குவார். மூன்றாவதில் வாக்கியத்தின் கடைசிச் சொற்கள் காற்றாகிவிடும். "மிஸ், கேக்கல" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும். அங்கேதான் பலருக்கு மனசு உடைகிறது. இன்னும் உரக்கப் பேச முயன்று தொண்டை வலியோடு வீட்டுக்குப் போவார். அடுத்த நாள் குரலுக்கு ஓய்வு என்று கிசுகிசுப்பாகப் பேசுவார். கிசுகிசுப்பு ஓய்வு ஆகாது. அது குரல்நாணை இன்னும் சிரமப்படுத்தும்.

செய்ய வேண்டியவை எளியவை. இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சின்ன ஸ்பீக்கரோடு வரும், தலையில் மாட்டும் மைக் கடையில் கிடைக்கிறது. முதல் மூன்று மாதத்துக்கு அதைப் பயன்படுத்தலாம். தொடர்ந்து மூன்று பீரியட் வராதபடி கால அட்டவணையை மாற்றித் தரச் சொல்லி தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம். பாடத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை எழுதவோ வாசிக்கவோ வைத்தால் குரலுக்கு இடைவேளை கிடைக்கும். சாக்பீஸ் தூளை உலர் துணிக்குப் பதில் ஈரத் துணியால் துடைக்கலாம். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். ஆபரேஷனுக்குப் பின் இரண்டு மூன்று வாரமாகியும் கரகரப்பு போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டைப் பிரிவில் குரல்நாணைக் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நரம்பு தானாக மீள ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம் என்பது உண்மை. ஆனால் அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் சீக்கிரம் போகிறவர்கள், இறுக்கிப் பேசும் தவறான பழக்கம் பதிவதற்கு முன்பே தப்பிக்கிறார்கள். அசையாத நாணை நடுவுக்குத் தள்ளி வைக்கும் சிகிச்சையும் உண்டு.

படிக்கட்டில் நின்று "பாகாயம், பாகாயம்" என்று கூவும் கண்டக்டருக்கும், மார்க்கெட்டில் விலை கூவுகிறவருக்கும் மைக் சரிப்படாது. விசிலும், விலை எழுதிய அட்டையும் முதல் மாதங்களைக் கடத்தும். கோயிலில் பதிகம் பாடுகிறவர்களும் சர்ச் பாடகர்களும் ஆபரேஷனுக்கு முன்பே தங்கள் பாட்டைப் பற்றிச் சர்ஜனிடம் சொல்லிவிட வேண்டும்.

கழுத்து, தோள், தழும்பு

காயம் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் பலர் கழுத்தை அசைக்காமல் மரம் போல் வைத்துக்கொள்கிறார்கள். தோளும் பிடரியும் இறுகித் தலைவலி வருவது அதனால்தான். டாக்டர் சரி என்றதும், பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே, தலையை மெதுவாகக் குனிவது, இரு பக்கமும் திருப்புவது, காதைத் தோள் பக்கம் சாய்ப்பது, தோளை வட்டமாகச் சுழற்றுவது என்று ஒவ்வொன்றும் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை செய்யலாம். இரு பக்கமும் வலியில்லாமல் முழுதாகத் திரும்பிப் பார்க்க முடிகிற வரை ஸ்கூட்டர், ஆட்டோ ஓட்டக் கூடாது. ஹெல்மெட் பட்டை தழும்பில் அழுந்தினால் மெல்லிய பருத்தித் துணியை நடுவில் வைக்கலாம்.

குனிந்த கழுத்தோடு வேலை செய்கிறவர்களுக்கு வேலையை உயர்த்துவதுதான் வழி. பீடி சுற்றுகிறவர் முறத்தை மடியில் வைத்துக் குனியாமல், சிறிய மணையை மடிக்கு முன்னால் போட்டு அதன்மேல் முறத்தை வைத்து, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொள்ளலாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு யாரும் லீவு தரமாட்டார்கள். ஆனால் அளவைத் தானே குறைக்கலாம் என்ற ஒரு வசதி இருக்கிறது. முதல் வாரம் பழைய அளவில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு பாதி என்று ஏற்றலாம்.

கழுத்தின் பக்கவாட்டு நிணநீர்க் கட்டிகளையும் எடுத்தவர்களின் நிலை வேறு. தோளைத் தூக்கும் நரம்பு அந்த வழியாகப் போகிறது. தோள் தொங்கி, கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாமல் போகலாம், சில மாதம் நீடிக்கலாம். டேனரியில் ஈரத் தோலைத் தூக்கிக் காயப்போடுகிறவர், தறியில் உட்காருகிறவர், பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வருகிறவர் இதை வேலைக்குப் போகும் முன்பே சோதித்துக்கொள்ள வேண்டும். பிசியோதெரபியை வலி குறையட்டும் என்று தள்ளிப்போட்டால் தோள் மூட்டும் உறைந்துவிடும்.

தழும்பு முதல் மாதங்களில் சிவந்து, தடித்து இருக்கும். மங்க ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். காயம் முழுதாக மூடிய பிறகு சிலிக்கான் ஜெல் அல்லது பட்டை, வெயிலில் போகும்போது துப்பட்டா அல்லது சன்ஸ்கிரீன். வெயில் பட்டால் புதுத் தழும்பு கறுத்துவிடும். ஆறும் வரை அதன்மேல் மஞ்சள் பூச வேண்டாம், தாலிக்கயிறு உரசினால் நீளத்தை மாற்றிக்கொள்ளலாம். தடித்து அரித்துக்கொண்டே கரைக்கு வெளியே வளர்ந்தால் கெலாய்டாக இருக்கும், ஊசி போட்டு அடக்கலாம், காட்ட வேண்டும்.

பிறகு அந்தக் கேள்வி வரும்: "இன்னாக்கா, கழுத்துல இன்னா ஆச்சு?" இதற்கு ஒரு வரியை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போவது பெரிய பலம். "தைராய்டு கட்டி இருந்திச்சு, எடுத்துட்டாங்க, மாத்திரை சாப்பிடுறேன்." இதில் பொய் இல்லை, இதற்கு மேல் சொல்ல வேண்டிய கடமையும் இல்லை. புற்றுநோய் என்று சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம். ஆனால் கல்யாணம் ஆகாத பெண்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று நமக்குத் தெரியும், அந்தத் தயக்கத்தை யாரும் குறை சொல்லக் கூடாது. பக்கத்தில் வேலை செய்கிற ஒருவருக்காவது, "விரல் இறுகினா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ" என்ற அளவு தெரிந்திருப்பது பாதுகாப்பு.

அயோடின் கொடுத்தால்

சிலருக்கு ஆபரேஷனுக்குப் பின், மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்க, கதிரியக்க அயோடின் தருவார்கள். எல்லோருக்கும் இல்லை. இதுதான் வேலையில் அதிகம் புரளி கிளப்புவது. புற்றுநோய் தொற்றாது. சேர்ந்து சாப்பிட்டாலும் ஒரே டம்ளரில் குடித்தாலும் ஒன்றும் வராது. ஆனால் அயோடின் வாங்கிய சில நாட்களுக்கு மட்டும், உடம்பிலிருந்து வரும் கதிர்வீச்சால் மற்றவர்கள், குறிப்பாகக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும், தள்ளி இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. கதிர்வீச்சைப் பற்றிக் கேட்டவர்கள் நோயே தொற்றும் என்று நம்பி, மூன்று மாதம் கழித்தும் பக்கத்தில் உட்காரத் தயங்குகிறார்கள். "அந்த ஒரு வாரம்தான், முடிஞ்சிடுச்சு" என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

இந்த அயோடினின் கதிரியக்கம் எட்டு நாளில் பாதியாகும். சுரப்பி எடுத்தவர் உடலிலோ பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று நாளில் சிறுநீரோடு வெளியேறிவிடும். 30 மில்லிகியூரிக்கு (கதிரியக்க அளவு) மேல் தருவதாக இருந்தால் தனி அறையில் வைத்துத்தான் அனுப்புவார்கள். அதன்பின் வேலைக்குப் போக மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை இடைவெளி சொல்வார்கள். வாங்கிய அளவைப் பொறுத்தது என்பதால் அவர்கள் தரும் தாளில் உள்ளபடிதான் நடக்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று கூட்டமான பஸ்ஸில் நெடுந்தூரம் ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து போவதைத் தவிர்க்க வேண்டும்.

லீவைத் திட்டமிடும்போது பலர் மறப்பது, அயோடினுக்கு முந்திய வாரங்கள். டி.எஸ்.எச்.சை ஏற்றுவதற்காக மூன்று நான்கு வாரம் தைராக்ஸினை நிறுத்தி வைப்பார்கள். கடைசி இரண்டு வாரம் உடல் கனத்து, மூளை மந்தமாகும். அப்போது பிரஸ் மெஷின், கட்டிங் மெஷின் முன்னால் நிற்பதும் வண்டி ஓட்டுவதும் ஆபத்து. லீவு போட வேண்டியது அந்த இரண்டு வாரத்தில்தான். நிறுத்தாமலே ஊசி போட்டு டி.எஸ்.எச்.சை ஏற்றும் வழியும் உண்டு, விலை அதிகம். அயோடின் குறைந்த சாப்பாடும் ஒன்று இரண்டு வாரத்துக்குத்தான்: அயோடின் உப்பு, மீன், கருவாடு, பால், தயிர், முட்டை மஞ்சள் கரு, ஓட்டல், பேக்கரி அயிட்டம் கூடாது. அதைச் சிகிச்சை முடிந்தும் வருடக்கணக்கில் பிடித்துக்கொண்டு மெலிகிறவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லை.

சர்டிபிகேட்டில் எழுத வேண்டியது

1954-இல் நடந்த கார் விபத்தில் டாக்டர் மேரி வர்கீஸுக்கு இரண்டு கால்களும் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-இல் அங்கே மறுவாழ்வு மையம் உருவாக வழிவகுத்தார். அவருடைய மன உறுதியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். உட்கார்ந்து செய்யக்கூடிய ஆபரேஷனாக அது அமைந்ததும் அவரைப் பழைய தொழிலில் நிறுத்தியது. ஆளுக்கு ஏற்ப வேலையை மாற்றுவது இந்த ஊருக்குப் புதிதில்லை.

ஆகவே ஃபிட்னஸ் சர்டிபிகேட்டில் "வேலைக்குத் தகுதி" என்று ஒரே வரியை வாங்கிக்கொண்டு வராதீர்கள். நிபந்தனையோடு எழுதித் தரச் சொல்லுங்கள்: நான்கு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, ஓ.டி. (கூடுதல் நேர வேலை), இரவு ஷிப்ட் கூடாது, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் எழுந்து கழுத்தை அசைக்க அனுமதி. வாயால் கேட்டால் சலுகை, சூப்பர்வைசர் மாறினால் போய்விடும். தாளில் இருந்தால் பைலில் நிற்கும். அப்படிப்பட்ட வேலை இல்லை என்று கம்பெனி சொன்னால், லீவை நீட்டிக்க அந்தத் தாளே ஆதாரம்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவர்களுக்கு, சந்தா நாட்கள் போதுமானதாக இருந்தால், வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், இரண்டு வருடச் சர்வீஸும் தேவையான சந்தாவும் உள்ளவர்களுக்கு அதன்பின் 80 சதவீதம் என்ற நீட்டிப்பும் உண்டு. பல பேர் இது தெரியாமல் சம்பளம் போகுமே என்று மூன்றாவது வாரமே கால்சியம் நிலைப்படாத உடம்போடு மெஷினில் உட்காருகிறார்கள். வேறு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்திருந்தாலும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் உடனே ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டி, நாள் விடுபடாமல் சான்று வாங்க வேண்டும். நடுவில் விட்ட நாட்களுக்குப் பிறகு அலைய வேண்டியிருக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவுக்கு உதவும், இழந்த கூலிக்கு உதவாது. பீடி, தறி போன்ற வீட்டு வேலைக்காரர்கள் சிகிச்சை தொடங்கும் முன்பே இரண்டு மாத வீட்டுச் செலவைத் தனியாகக் கணக்கிட வேண்டியிருப்பது அதனால்தான்.

வேலைக்குத் திரும்பும் நாளிலேயே அடுத்த தேதிகளைக் காலண்டரில் குறித்துவிடலாம். ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் டி.எஸ்.எச்.சும் கால்சியமும். ஆறாவது மாதத்திலிருந்து பன்னிரண்டாவது மாதத்துக்குள் கழுத்து ஸ்கேனும் தைரோகுளோபுலினும். அந்தப் பரிசோதனைக்கு முந்திய வாரம் தூக்கம் கெடுவது பலருக்கும் நடக்கும். அந்த வாரத்தில் ஓ.டி. ஒத்துக்கொள்ளாதீர்கள். ஸ்கேன் அன்று அரை நாளாக இல்லாமல் முழு நாளாகவே லீவு எழுதுங்கள்.